பேக்கப் போனால் என்ன? நீ இருக்கிறாயே!

உன் தளம் விழுந்துவிட்டது. ஒத்துக்கொள்!

திரையில் வெறும் வெள்ளைப் பக்கம். அல்லது, டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரி. எத்தனை தடவை ரிஃப்ரெஷ் தட்டினாலும் அதே வரி!

கேமரன் மலையில், ரிங்லெட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறாயா? பிரிஞ்சாங்கில் ஸ்ட்ராபெர்ரி பண்ணையா? சுங்கை பாலாஸ் தேயிலை மேட்டுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேனா? எதுவாகவும் இருக்கட்டும். பள்ளி விடுமுறை வந்துவிட்டது. மலையேறி வரப்போகிறவர்களின் புக்கிங் எல்லாம் அந்தத் தளத்துக்குள்தான் கிடக்கிறது.

பேக்கப்பைத் தேடி ஓடினாய். முதல் ஸிப் கோப்பு திறக்கவில்லை. இரண்டாவதன் அளவு பூஜ்யம். மூன்றாவது? போன வருஷத்தது!

இப்போது என்ன செய்யப்போகிறாய்? தலையில் கை வைத்து உட்காரப்போகிறாயா? "எல்லாம் போச்சு" என்று வாட்ஸ்அப்பில் புலம்பப்போகிறாயா?

எழுந்திரு! எல்லாம் போய்விட்டது என்று யார் சொன்னது? நீ தேடினாயா? தேடி முடித்தாயா? பாதியிலேயே பயந்து ஓடிவந்துவிட்டாயே!

உன்னைவிடப் பெரியவர்கள் விழுந்திருக்கிறார்கள்

2017 ஜனவரி 31. கிட்லேப் என்ற நிறுவனம். உலகம் முழுக்க மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைச் சேர்த்துவைக்கும் இடம் அது.

நள்ளிரவு நெருங்குகிறது. நகல் டேட்டாபேஸ் சர்வர் முரண்டு பிடிக்கிறது. களைத்துப்போன பொறியாளர் ஒருவர் அதைச் சரிசெய்யப் போனார். நகலில் இருக்கும் கோப்புகளை அழிப்பதாக நினைத்து ஒரு கட்டளையைத் தட்டினார்.

அவர் நின்றது நகல் சர்வரில் இல்லை. மூல சர்வரில்!

ஓரிரு நொடியில் புரிந்துவிட்டது. நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜிபி டேட்டாவில் மிஞ்சியது 4.5 ஜிபி!

பேக்கப் இல்லையா? இருந்தது. ஒன்றல்ல, பல வழிகளில் இருந்தது. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

தினமும் தானாக ஓடும் பேக்கப்? பதிப்பு பொருந்தாத மென்பொருளால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்? அதுவும் யாருக்கும் போய்ச் சேரவில்லை! டிஸ்க் ஸ்னாப்ஷாட்? டேட்டாபேஸ் சர்வர்களுக்கு அதைப் போட்டுவைக்கவே இல்லை. நகல் சர்வர்? அதை ஏற்கெனவே துடைத்திருந்தார்கள்.

அப்புறம் எதை வைத்து எழுந்தார்கள்?

ஆறு மணி நேரத்துக்கு முன்னால், வேறொரு வேலைக்காக, அதே பொறியாளர் கையால் எடுத்துவைத்த ஒரே ஒரு ஸ்னாப்ஷாட்! அழித்த கைதான் காப்பாற்றியது!

அவர்கள் ஒளிந்துகொண்டார்களா? இல்லை! வேலை நடக்கும் குறிப்பை உலகமே படிக்கத் திறந்துவைத்தார்கள். யூடியூபில் நேரலை ஓட்டினார்கள். 5000 பேருக்கு மேல் பார்த்தார்கள். மறுநாள் தளம் எழுந்து நின்றது.

இழப்பு இல்லாமல் இல்லை. அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான ஏறக்குறைய 5000 திட்டங்களின் விவரம், 5000 கருத்துகள், 700 புதிய கணக்குகள் போயின. அதையும் மறைக்காமல் எண்ணிச் சொன்னார்கள்.

இன்னொன்று கேள். 1998. பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' எடுத்துக்கொண்டிருந்தது. தவறான ஒரு கட்டளையில் படத்தின் கோப்புகள் மளமளவென்று மறைந்தன. பேக்கப்பைத் திறந்தார்கள். அது பழுது!

கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்தவர். அவர் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்து, குழந்தையைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டே படம் வெளிவந்தது.

இவர்களுக்கெல்லாம் கோடிக்கணக்கில் பணம் இருந்தது. பெரிய பெரிய சர்வர் இருந்தது. கடைசியில் காப்பாற்றியது எது? எங்கோ ஒரு மூலையில் கிடந்த நகல்! அதைத் தேடிப்போன மனிதன்!

உன் மூலைகளை நீ தேடினாயா?

சாக்கை மூட்டை கட்டு!

"நான் ஐடி படிக்கவில்லை" என்கிறாயா?

நீ சோறு ஆக்கப் படித்தாயா? வேன் ஓட்டப் பல்கலைக்கழகம் போனாயா? தேவை வந்தது, கற்றுக்கொண்டாய். இதுவும் அப்படித்தான்!

"ஹோஸ்டிங்காரன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன்" என்கிறாயா?

நினைத்தாய். கேட்டாயா? மாதம் ஒரு தடவையாவது, "என் பேக்கப் எங்கே இருக்கிறது, காட்டு" என்று கேட்டாயா? உன் பிழைப்பை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கினால், அவன் தூங்கும்போது யார் விழித்திருப்பது?

"மலையில் லைன் சரியில்லை" என்கிறாயா?

லைன் இல்லாத நேரத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தடை என்ன? எது ஓடுகிறது, எது ஓடவில்லை, கடைசியாக எதை மாற்றினாய் என்று எழுது! பாதிப் பிரச்சினை அந்தப் பக்கத்திலேயே பிடிபடும்.

"தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எட்டுமா?"

வாயை மூடு! இந்த ஒரு வார்த்தையை இனி உன் வாயிலிருந்து நான் கேட்கக் கூடாது!

1929இல் இதே மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார் என்று வரலாறு சொல்கிறது. உலகப் பொருளாதாரமே சரிந்து விழுந்த வருஷம் அது! தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலைகூட முடியவில்லை. அது முடிந்தது 1931இல்தான்.

1933இல் ரஸ்ஸல் இறந்தும் போனார். தோட்டம் நின்றதா? இல்லையே!

காட்டை வெட்டியது யார்? சரிவில் கன்று நட்டது யார்? பனியில் விடிவதற்கு முன் பெரட்டுக்கு நின்று, கூடை சுமந்து, கொழுந்து கிள்ளியது யார்? அந்தக் கைகளில் உன் பாட்டன் பூட்டியின் கைகளும் உண்டு!

அவர்கள் யானை உலவிய காட்டைத் தோட்டமாக்கினார்கள். உனக்கு ஒரு எரர் வரியைப் படிக்க முடியாதா?

கையை எடு! பிறகு கையை வை!

முதல் வேலை என்ன தெரியுமா? எதையும் செய்யாமல் இருப்பது!

ஆமாம்! கீபோர்டிலிருந்து கையை எடு. பதற்றத்தில் தட்டும் ஒரு பட்டன் மிஞ்சியதையும் கொன்றுவிடும். அரைகுறை பேக்கப்பைக் கொண்டுபோய் விழுந்த தளத்தின் மேல் கொட்டாதே!

முகத்தைக் கழுவு. ஒரு தே ஓ குடி. இப்போது வா.

உடைந்த தளத்தை உடைந்தபடியே நகலெடு. கோப்புகள், டேட்டாபேஸ், லாக், அத்தனையும்! "கெட்டுப்போனதை எதற்கு நகலெடுக்க வேண்டும்?" என்று கேட்காதே. இப்போதைக்கு உன்னிடம் இருக்கும் மிகப் புதிய நகல் அதுதான்!

அடுத்தது, எரர் லாக்கைத் திற.

நடுங்குகிறாயா? பெரும்பாலான ஆட்கள் இங்கேதான் ஓடுகிறார்கள். நூறு வரி ஆங்கிலத்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நீ மூடாதே. அந்த வரிகள் உன்னைத் திட்டவில்லை. எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் கோளாறு என்று சொல்கின்றன. எதிரி தன் முகவரியைத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறான். நீ படிக்கக்கூட மாட்டாயா?

வேர்ட்பிரஸ் தளமா? கான்ஃபிக் கோப்பில் டீபக் என்ற வரியை இயக்கு. பிழைகளைத் திரையில் காட்டாமல் லாக் கோப்பில் எழுதச் சொல். வெள்ளைப் பக்கம் மறைத்ததை லாக் அப்போதே பேசத் தொடங்கும்.

ப்ளக்இன் மேல் சந்தேகமா? ப்ளக்இன் கோப்புறையின் பெயரை மாற்று. எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிடும். தளம் எழுந்ததா? குற்றவாளி அதற்குள்தான் இருக்கிறான்! அட்மினில் ப்ளக்இன் பக்கத்தை ஒரு தடவை திறந்துவிட்டு, பெயரைத் திரும்ப மாற்றி ஒவ்வொன்றாக இயக்கு. எது இயங்கியதும் தளம் விழுகிறதோ, பிடி அதை!

ஹோஸ்டிங் பக்கம் பிஹெச்பி பதிப்பை உயர்த்தியிருக்கிறார்களா என்று பார். பல வருஷமாகப் புதுப்பிக்காத ப்ளக்இன் புதிய பதிப்பில் ஓடாமல் நிற்கும்.

டேட்டாபேஸ் எரரா? கான்ஃபிக் கோப்பில் டேட்டாபேஸின் பெயர், பயனர், பாஸ்வேர்டு, சர்வர் முகவரி நான்கையும் எழுத்தெழுத்தாகச் சரிபார். சர்வரில் இடம் நிறைந்துவிட்டதா என்றும் பார்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்! செய். பார். எழுது. பலிக்கவில்லையா? திருப்பி வை. அடுத்ததைச் செய். நாலு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் தளம் எழுந்தாலும் எதனால் எழுந்தது என்று தெரியாது. மறுபடி விழும்போது மறுபடியும் குருடனாக நிற்பாய்!

செத்த கோப்பு செத்ததா?

பேக்கப் கோப்பு உடைந்திருக்கிறது என்றாயே, வேறு வழியில் திறக்க முயன்றாயா? உள்ளே பார்த்தாயா?

டேட்டாபேஸின் நகலான எஸ்கியூஎல் கோப்பை ஒரு எடிட்டரில் திற. கடைசி வரிக்குப் போ. யாரோ ஒரு வாடிக்கையாளரின் பெயர் பாதியில் அறுந்து நிற்கிறதா? நேரம் முடிந்து பேக்கப் நின்றுபோன இடம் அது.

அந்த வரியைப் பார்த்து அழப்போகிறாயா? அதற்கு மேலே பார்! ஆயிரக்கணக்கான வரிகள் முழுசாக இருக்கின்றன! அறுந்த அட்டவணைக்கு முந்தைய ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்றலாம். நீ குப்பையில் போட இருந்தது பாதித் தளம்!

படங்கள்? வேர்ட்பிரஸில் எழுத்து டேட்டாபேஸில் இருக்கும், படங்கள் கோப்புறையில் இருக்கும். டேட்டாபேஸ் சிதைந்தாலும் படக் கோப்புறை அப்படியே கிடக்கலாம். போய்ப் பார்!

பழைய பக்கங்கள்? இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996 முதல் உலகின் இணையப் பக்கங்களைச் சேர்த்துவருகிறது. அதன் வேபேக் மெஷினில் உன் தளத்தின் முகவரியைப் போட்டுப் பார். உன் பக்கத்தை நீ காப்பாற்றாவிட்டாலும், முன்பின் தெரியாத ஒருவர் காப்பாற்றி வைத்திருக்கலாம்.

புக்கிங்? உறுதிசெய்து அனுப்பிய மின்னஞ்சல்கள் உன் அஞ்சல்பெட்டியில் இருக்கலாமே! பெயர், தேதி, கட்டிய ரிங்கிட், எல்லாம் அதில் உண்டு. தட்டச்சு செய்ய வேண்டியதுதான். விரல் வலிக்குமா? வலிக்கட்டும்!

ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு டிக்கெட் போடு. சர்வர் அளவில் அவர்களிடம் தனியாக ஒரு நகல் இருக்கக்கூடும். பழைய நகல்மேல் புதிய நகல் ஏறிவிடும் முன் கேள். நாளைக்கு இல்லை. இன்றைக்கே!

துண்டு துண்டாகச் சேர்த்தால் முழுசாகுமா என்று சந்தேகமா?

உ. வே. சாமிநாதையரைக் கேள்! அவருக்குக் கிடைத்த ஏடுகள் எப்படி இருந்தன? செல்லரித்தவை. முதலும் முடிவும் இல்லாதவை. எழுதியவர் கைப்பிழையால் பாடம் மாறியவை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு நெஞ்சு வெந்தார்.

வெந்துபோய் வீட்டில் உட்கார்ந்தாரா? ஊர் ஊராக அலைந்தார். ஓர் ஏட்டில் விட்ட அடியை இன்னோர் ஏட்டில் பிடித்தார். பழுதான பல நகல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒரு நல்ல நூலை எழுப்பினார். 1887இல் சீவக சிந்தாமணி. 1892இல் சிலப்பதிகாரம். 1894இல் புறநானூறு!

அவரிடம் தேடு பொறி இருந்ததா? காப்பி பேஸ்ட் இருந்ததா? உன்னிடம் எல்லாம் இருக்கிறது. என்ன இல்லை, சொல்லட்டுமா? பொறுமை!

சேர்த்த துண்டுகளை நேராக மக்கள் பார்க்கும் தளத்தில் ஏற்றாதே. உன் மடிக்கணினியிலோ தனித் துணை முகவரியிலோ முதலில் கட்டு. ஒவ்வொரு பக்கமாகச் சொடுக்கு. ஒரு பொய் புக்கிங் போட்டுப் பார். மின்னஞ்சல் வருகிறதா? வந்த பிறகு மாற்று.

இடையில் வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது? உண்மையைச் சொல்! "தளம் பழுது. உங்கள் புக்கிங் தேதியை ஒரு தடவை அனுப்புங்கள்" என்று கேள். வெட்கமா? கிட்லேப் உலகத்தின் முன் நின்றது. உனக்கு நாற்பது வாடிக்கையாளர் முன் நிற்க வெட்கமா?

வேரைச் சோதி!

தளம் எழுந்துவிட்டதா? சபாஷ்! போய்ப் படுத்துவிடாதே. மிச்சம் இருக்கிறது.

தேயிலைச் செடியைக் கவாத்து செய்வதைப் பார்த்திருப்பாய். பச்சைப் பசேலென்று நின்ற செடியைக் கட்டை தெரிய வெட்டிவிடுவார்கள். சரிவு முழுக்க வெறும் குச்சி. வெளியூர்க்காரன் பார்த்தால் தோட்டம் செத்துவிட்டது என்பான். அது மறுபடி துளிர்ப்பது வேரில் சேர்த்துவைத்த மாவுச்சத்தால்.

வேரில் சத்து இருக்கும் என்று சும்மா நம்பிவிடலாமா? கூடாது! கவாத்துக்கு முன் வேரில் ஒரு துண்டை வெட்டி அயோடின் கரைசல் விட்டுப் பார்ப்பது தேயிலைத் தொழில் அறிந்த சோதனை. கருநீலமாக மாறினால் சத்து இருக்கிறது. மாறாவிட்டால் கத்தியைத் தொடாதே! சத்தில்லாத வேரை நம்பி வெட்டினால் செடி பட்டுப்போகும்.

உன் பேக்கப்புக்கு நீ என்றைக்காவது அயோடின் விட்டாயா?

பேக்கப் எடுத்தேன், எடுத்தேன் என்கிறாய். திரும்ப ஏற்றிப் பார்த்தாயா? ஏற்றிப் பார்க்காத பேக்கப் வெறும் ஆசை! பச்சை டிக் பார்த்து ஏமாந்தாய். கிட்லேப்பும் சோதிக்காமல் நம்பித்தான் ஏமாந்தது!

மாதத்தில் ஒரு நாள் குறி. பேக்கப்பைத் தனி இடத்தில் முழுசாக ஏற்று. தளம் ஓடுகிறதா என்று பார். ஓடினால்தான் அது பேக்கப்.

மூன்று நகல் வை. இரண்டு வேறு வேறு வகைச் சாதனத்தில் வை. ஒன்றையாவது வெளியூரில் வை. 3-2-1 என்று உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு இது.

வெளியூர் எதற்கு? 2013 அக்டோபர் 23ஆம் தேதியை மறந்துவிட்டாயா? சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் திறக்கப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்த நாள்! வீடு போனது. வாகனம் போனது. உயிரும் போனது. மடிக்கணினிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்த ஹார்ட் டிஸ்க் அன்றைக்கு எதைக் காப்பாற்றியிருக்கும்?

2021 மார்ச் 10. பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரம். ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து எரிந்தது. தளமும் அதன் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். கிளவுடில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறாயா? எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று கேள்!

உன்னையும் சோதி!

இவ்வளவு நேரம் தளத்தைப் பற்றியா பேசினேன்? உன்னைப் பற்றியும்தான் பேசினேன்!

"என்னால் முடியும்" என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்கிறாய். சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாய். அந்த நம்பிக்கையை ஒரு தடவையாவது சுமை ஏற்றிப் பார்த்தாயா? ஒரு கஷ்டத்தின் முன் நிறுத்திப் பார்த்தாயா?

சோதிக்காத பேக்கப்பும் சோதிக்காத தன்னம்பிக்கையும் ஒன்றுதான். இரண்டும் இருப்பதுபோல் இருக்கும். தேவைப்படும் அன்றைக்குக் கைவிரிக்கும்!

இன்றைக்கு உன் தளம் விழுந்ததே, அது உன் நம்பிக்கைக்கு வந்த சோதனை நாள். ஓடிப்போனால் உன்னிடம் எதுவும் இல்லை என்று ஆகும். உட்கார்ந்து ஒரு வரியைப் படித்து, ஒரு துண்டை மீட்டு, ஒரு பக்கத்தை ஏற்றிப் பார். அப்புறம் "என்னால் முடியும்" என்று சொல்ல வேண்டியதே இல்லை. செய்துவிட்டாய், முடிந்தது!

எல்லாம் திரும்பி வராது. சில படங்கள் போகும். சில வருஷக் கணக்கு போகும். போகட்டும்! பத்தில் எட்டை மீட்டவன் வென்றவன். இரண்டுக்காக அழுது எட்டையும் விட்டவனை யார் தேற்றுவது?

அடுத்த முறை பக்கத்துக் கடைக்காரர் தளம் விழும். அவர் வெளிறிய முகத்தோடு யாரிடம் ஓடிவருவார்? உன்னிடம்! "பதறாதீங்க அண்ணே, முதல்ல கையை எடுங்க" என்று நீ சொல்வாய். அந்த ஆளாக மாற உனக்குக் கிடைத்த வாய்ப்புதான் இந்த ராத்திரி.

என்ன யோசனை? பயம் போகட்டும், பிறகு தொடங்கலாம் என்றா? பயம் முதலில் போகாது. வேலை தொடங்கினால் பயம் கிளம்பும்!

நாற்காலியை இழு. லாக்கைத் திற. முதல் வரியைச் சத்தமாகப் படி!

படித்தாயா? இப்போது இரண்டாவது வரி!